தூளியில் படித்தவனுக்கு ஒரு நாற்காலி

மகாகனம் பொருந்திய மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை நிர்மலா அம்மா அவர்களுக்கு, தியாகதுருகம் ரோட்டோரம் குடியிருக்கும் இருசப்பன் மகன் வேடியப்பன் கைகூப்பி எழுதிக்கொள்வது. உங்களையும் டீச்சர்மாரையும் பிள்ளைகளையும் நான் கும்பிடும் அய்யனாரும் நீங்கள் கும்பிடும் ஏசு சாமியும் சேர்ந்தே காவல் காக்கட்டும். எழுதுவது என்று சொன்னேனே தவிர, எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. சொல்வது நான். எழுதுவது உங்களிடம் பத்தாவது வரை படித்த என் மருமகள் விஜயலட்சுமி. பிழை இருந்தால் அது உங்கள் பள்ளிக்கூடத்துப் பிழை.

காரியம் இதுதான். பள்ளிக்கூடத்துக்கு எழுபது வருஷம் ஆன விழாவில், இதை ஆரம்பித்த வெள்ளைக்காரத் துரைசானி அம்மா காலத்து முதல் வகுப்பில் படித்தவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் மேடையில் நாற்காலி போட்டு, சால்வை போர்த்தி, விழா மலரில் பேரும் போடுவோம் என்று தண்டோரா போட்டீர்கள். நானும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு பேர் கொடுக்க வந்தேன். கேட்டில் இருந்த வாட்ச்மேன், "இன்னா பெர்சு, பேத்தியக் கூட்டிக்கினு போவ வந்தியா?" என்றான். "நான் இங்க படிச்சவன்டா" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் மரத்துக் காக்காயெல்லாம் பறந்தது. நீங்கள் சிரிக்கவில்லை, மரியாதையாகத்தான் சொன்னீர்கள்: "ஐயா, ஆம்பளைங்களுக்கு இங்க எடம் கிடையாதுங்க." வீட்டுக்கு வந்தால் என் மகன் அன்புச்செல்வன், ரோடு மறியலுக்குப் போய் முதுகில் தடியடித் தழும்போடு திரும்பியவன், "காலேஜுல எடம் குடுன்னு நாங்க ரோட்டுல படுத்துக்கினு அடி வாங்குறோம், நீ பொம்பளப் பள்ளிக்கூடத்துல எடம் கேக்குறியாப்பா?" என்கிறான். அவன் கேட்பது நூற்றுக்கு இருபது இடம். நான் கேட்பது ஒரே ஒரு நாற்காலி.

அதற்கு எனக்கு உரிமை உண்டா இல்லையா என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள். துரைசானி அம்மா ரோட்டோரப் புளியமரத்தில் கரும்பலகை மாட்டியபோது ஒரு பெண்ணும் வரவில்லை. பெண்பிள்ளை என்றால் இடுப்பில் ஒரு தம்பியோ தங்கையோ இருக்கும். ஆத்தாளும் அப்பனும் காட்டுக்குப் போனால் அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. அந்த அம்மாளுக்கு இது விளங்க ஒரு கோடைகாலம் பிடித்தது. விளங்கியதும் பழைய புடவைகளை வாங்கிவந்து மரக்கிளையில் வரிசையாகத் தூளி கட்டினாள். "கொயந்தையத் தூக்கிக்கினே வா" என்றாள். நமக்கு அவள் பாடம் சொல்வதற்கு முன்னால் நம் பேச்சை அவள் படித்துவிட்டாள். குழந்தை எங்கே ஆடினால் என்ன என்று அப்பன்மார்கள் விட்டார்கள். என் அக்கா தைலம்மாள் அப்படித்தான் என்னைத் தூக்கிக்கொண்டு போனாள். பெண்கள் ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டே பாடம் சொல்வார்கள். எட்டாம் வாய்ப்பாடு இன்றைக்குக் கேட்டாலும் தடுக்காமல் ஒப்பிப்பேன். எழுத்துதான் தெரியாது, ஏனென்றால் தூளிக்குள் சத்தம் வரும், கரும்பலகை வராது. நான் பார்த்ததெல்லாம் புளிய இலை.

தூக்கிவந்த குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டால் அக்காளுக்குக் காட்டு வேலை. ஒவ்வொருத்தியாய் அப்படித்தான் நின்றுபோனார்கள். தைலம்மாள் நிற்கவில்லை. எனக்குக் கால் வந்த அன்றைக்கே காதோரம் சொல்லிவிட்டாள்: "அப்பா எதுர்ல நடந்தியின்னா மல்லாட்ட கெடையாது." வறுத்த வேர்க்கடலைக்கு ஆசைப்பட்டு வீட்டில் தவழ்ந்தேன், பள்ளிக்கூடத்தில் ஓடினேன். நாலு வயசுத் தடியனைச் சுமந்து சுமந்து அவள் இடுப்பே ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. ஊர் என்னை நொண்டி என்றது. கல்வராயன் மலையிலிருந்து வைத்தியர் இறங்கிவந்து நாற்றம் பிடித்த ஒரு எண்ணெயைத் தேய்த்துவிட்டுப் போனார். நான் நடந்தால் மண்குதிரை வைப்பதாக அப்பா அய்யனாருக்கு நேர்ந்துகொண்டார். அக்கா அதற்குள் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

அந்தத் தை மாசம் அப்பா கொப்பரையில் வெல்லம் காய்ச்சினார். என்னைக் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள். பாகு வாசம் வந்ததுதான் தாமதம், எல்லாம் மறந்துபோய் எழுந்து ஓடினேன். அப்பா துடுப்பைக் கீழே போட்டுவிட்டு, "எம்புள்ள நடக்குறான்டோய்! அய்யனாரப்பா!" என்று கத்தி அழுதார். கிடா வெட்டி ஊருக்கே சோறு போட்டார். குதிரையும் வைத்தார். அக்கா என்னைப் பார்த்தாள், திட்டவில்லை. மறுநாள் விடிந்ததும் அப்பா அவள் கையில் களைக்கொத்தைக் கொடுத்தார். "தம்பிதான் நடக்குறானே, இனிமே ஒனக்கு அங்க இன்னா வேல?" நான் மட்டும் தனியாக ஓடிப்போய்ப் புளியமரத்தடியில் நின்றேன். துரைசானி அம்மா தலையைத் தடவி, நீங்கள் சொன்ன அதே வார்த்தையைத்தான் சொன்னாள். ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் தூரத்தில் இருந்தது. மாடு பக்கத்தில் இருந்தது.

அக்காவை மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். பட்டா வந்தாலும் கோர்ட்டு சம்மன் வந்தாலும் அந்தத் தெருவுக்கே அவள்தான் படித்துச் சொல்வாள். போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தாள். ஆக, அந்த முதல் வகுப்பில் மிச்சம் நான் ஒருத்தன். புளியமரம் சாட்சி சொல்லும் என்றிருந்தேன். மறியலில் அதைத்தான் வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள், வெட்டியவர்களில் என் மகனும் உண்டு. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இடமில்லை என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே அம்மா அவர்கள் மனமிரங்கி, என் பேரை மலரில் போட்டு, எனக்கும் ஒரு நாற்காலி போடவேண்டும். சால்வை நூலாக இருந்தாலும் போதும். உங்கள் பிள்ளைகள் ஒருத்தி பாக்கியில்லாமல் பாஸாகட்டும், பள்ளிக்கூடம் இன்னும் பல தலைமுறை பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வேடியப்பன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: எழுதியதை விஜயலட்சுமி படித்துக் காட்டினாள். பாகு வந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "அப்ப, அங்க படிச்சது யாரு மாமா?" என்றாள். அம்மா, மேலே கேட்டதையெல்லாம் அடித்துவிடுங்கள். என் பேர் வேண்டாம், சால்வையும் வேண்டாம். நாற்காலியை மட்டும் போட்டு, அதில் யாரையும் உட்கார வைக்காமல், தைலம்மாள், மூன்றாம் வகுப்பு வரை என்று சொல்லுங்கள். நான் கேட்டுக்கு வெளியே நின்று கேட்டுக்கொள்கிறேன். அந்த மண்குதிரை இன்னும் கோயிலில் நிற்கிறது, நொண்டிக்குக் கால் வந்த கதையைப் பூசாரி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊருக்கே கேட்கிற மாதிரி மைக்கில் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்: அந்தப் பையனுக்குக் கால் எப்போதும் நன்றாகத்தான் இருந்தது, அக்காதான் இறக்கிவிடவில்லை.