தேவையானது மட்டும்

மனித குலத்தின் துன்பங்கள் அனைத்துக்கும் மூல காரணம் தேவையில்லாத மென்பொருளே. பன்னிரண்டு வருஷம் துபாய்க் கிடங்கு ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு மார்த்தாண்டம் திரும்பிய குமாரதாஸ் இந்தப் பேருண்மையைக் கண்டடைந்தது, கம்ப்யூட்டர் வாத்தியார் வேலைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாளன்று காலையில்.

"அஞ்சு மணியோட அடைச்சிருவாவ. பேசாம பிபின் கடையில போய்ப் போட்டுட்டு வாங்க," என்றாள் மனைவி ஜிஷா.

"கம்ப்யூட்டர் வாத்தியாரு அடுத்தவன் கம்ப்யூட்டர்ல போடதா? நல்லா இருக்கே!"

வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த பழையதையெல்லாம் துடைத்தெறிந்து, வெறும் லினக்ஸ் இயங்குதளத்தை மட்டும் ஏற்றினார். மொழி எது, ஊர் எது என்று அது கேட்ட கேள்விகளுக்கெல்லாம், பழகிய விரல்களே படபடவென்று பதில் சொல்லின. ஏழே நொடியில் திரை உயிர்பெற்றது. கன்னங்கறுப்பு. மூலையில் ஒரு வெள்ளைக் கோடு கண்சிமிட்டியது.

"கரண்டு போச்சா?"

"இதாக்கும் சுத்தம்! இனி தேவையானத மட்டும் சேக்கணும்."

முதலில் இணையம் தேவைப்பட்டது. வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டுமாம். ஜிஷாவின் போனைப் பிடுங்கிக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் கேபிளில் கட்டிப்போட்டார். வழிமுறை படித்துப் படித்து அவருடைய போன் சார்ஜ் தீர்ந்து செத்தது. திரையில் ஜன்னல்கள் வந்தன, தமிழ் வரவில்லை.

"உங்க பேரு ஏன் கட்டம் கட்டமா இருக்கு?"

எழுத்துருவைச் சேர்த்தார். போட்டோவைச் சுருக்க ஒரு மென்பொருள் கேட்டார். அது கல்யாண வீட்டுக்கு வருவதுபோல நூற்றுநாற்பது சொந்தக்காரர்களோடு வந்து இறங்கியது. திரையின் மூலையில் மணி தெரிந்ததும் குமாரதாஸ் நேரே போய்ச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பரணில் போட்டார்.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு மணி என்னத்துக்கு?"

"இப்ப மணி என்ன?"

"ரெண்டே முக்கால். நேரம் கெடக்கு."

"பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளையெல்லாம் போவுதே?"

"இன்னைக்கு நேரத்தே விட்டிருப்பாவ."

கடைசியில் எல்லாம் கூடி வந்தது. பெயர், படம், கையெழுத்து, ஒரு குறையில்லை. ஜிஷாவை அருகில் நிறுத்திக்கொண்டு, திறப்புவிழா நடத்துபவர்போல விரலை உயர்த்திப் பொத்தானை அழுத்தினார்.

'விண்ணப்பிக்கும் நேரம் முடிந்துவிட்டது' என்று திரையில் வந்தது. ஓர் எழுத்துகூடக் கட்டமாகவில்லை.

குமாரதாஸ் கைதட்டிச் சிரித்தார். "பாத்தியா! நாலு பத்துக்கே அடைச்சுப் போட்டான். அம்பது நிமிஷம் பாக்கி! அவனுக்க கம்ப்யூட்டர்ல அவ்வளவு குப்பை. நாளைக்கே நேர்ல போய் இந்தத் திரையக் காட்டுதேன். வேலையக் கையில தந்துதான் அனுப்புவான்!"

சாயங்காலப் பாலோடு உள்ளே வந்த அடுத்த வீட்டு நேசபாய் திரையின் மூலையை உற்றுப் பார்த்தாள்.

"மக்களே, நாலு பத்து துபாய்லயாக்கும். எனக்க மவன் இப்பத்தான் அங்கேருந்து பேசினான். இங்க மணி அஞ்சு நாப்பது."