எனக்கு வந்த ஒருநாள் புற்றுநோய்

ஒரே ஒரு நாள் மட்டும் புற்றுநோய் இருந்தவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க முடியாது. நான் ஒருத்தி இருக்கிறேன். சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஒரு மத்தியானம் வந்தது. மறுநாள் மத்தியானம் போய்விட்டது. வரவழைத்தது நான். அனுப்பிவைத்தவர் டாக்டர் அம்மா. நடுவில் நடந்த கூத்துக்கு ஒரு கார் நிறைய என் சொந்தக்காரர்கள் சாட்சி.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். (அந்த நாளில் யாரும் கேட்காமலேயே சொல்வேன்.) எங்கள் குடும்பம் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தென்னை, நெல், கடலை என்று விவசாயம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்பா பத்திரத்தில் கைநாட்டு வைப்பவர். நான் பி.எஸ்ஸி. விலங்கியல். தவளைக்கு இதயத்தில் எத்தனை அறை என்பது எங்கள் ஊரில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

படிப்பு முடிந்த கையோடு, புற்றுநோய் ஆராய்ச்சிக் குழு ஒன்றில் தற்காலிக உதவியாளர் வேலை கிடைத்தது. ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நுண்நோக்கியில் குனிந்து பார்ப்பதும், ஒரு நாள் திடீரென்று நிமிர்ந்து "கண்டுபிடித்துவிட்டேன்!" என்று கத்துவதும்தான் என்று நினைத்திருந்தேன். (கத்தும் பகுதியை நானே எடுத்துக்கொள்வதாகவும் முடிவு செய்திருந்தேன்.) போய்ப் பார்த்தால் ஆளுக்கு ஒரு வேலை. ஒருவர் தொழிலாளிகள் மென்று துப்பிய வெற்றிலையைப் பாட்டிலில் பிடித்து, அதில் என்ன ரசாயனம் இருக்கிறது என்று பார்த்தார். இன்னொருவர் நகரத்தில் ஒரு அறை நிறைய எலி வளர்த்து, அவற்றின் முதுகில் புகையிலைச் சாறு தடவிக்கொண்டிருந்தார். ஆய்வகத்தில் இருந்த மற்றொரு டாக்டர் நோயாளியின் முகத்தையே பார்த்ததில்லை. நகத்தளவு சதையை மட்டும் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று சொல்வார். அவர் வாயைத் திறக்கும்வரை மற்ற அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் பங்கு, மலையேறித் தொழிலாளிகளின் வாயைப் பார்ப்பது. தோட்டத்தில் ஆணும் பெண்ணும் வெற்றிலையும் புகையிலையும் ஓயாமல் போடுவார்கள். வாய்ப்புற்று அதனால்தான் வருகிறதா, யாருக்கு வருகிறது, முன்கூட்டியே பிடித்துவிட முடியுமா என்பது கேள்வி. எங்கள் குழுவில் மூன்று பேர். வாயைப் பார்ப்பவர் டாக்டர் அம்மா. மலையாளி, ஐம்பது வயது, அதிகம் பேசமாட்டார். எண்ணிக்கை பார்ப்பவர் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரரான கணக்கு சார். பேசுபவள் நான்.

சோதனைக்கு ஒரு நீலச் சாயம் வைத்திருந்தோம். அதை வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். நல்ல தோலில் சாயம் நிற்காது. சந்தேகமான இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். டாக்டர் அம்மா எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த அன்று நான் பாதியிலேயே, "புரிந்துவிட்டது டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். மீதிப் பாதியை அவர் கணக்கு சாரிடம்தான் சொல்லி முடித்தார்.

அந்தத் தோட்டத்துக்கு நாங்கள் போய் இறங்கிய மறுநாள் காலை, முந்தின தோட்டத்தில் வெட்டியெடுத்த சதைத் துணுக்குகளை ஆய்வகத்தில் கொடுக்க டாக்டர் அம்மா ஜீப்பில் கிளம்பினார். "நாளை உச்சைக்கு வருவேன். அதுவரை ஆட்களிடம் பேசி வெச்சா மதி, அது போதும். மருந்தைத் தொடண்டா," என்றார். தலையை நன்றாக ஆட்டினேன்.

பேசுவதற்காக நான் முதலில் போனது பேச்சியம்மாவின் லயத்து வீட்டுக்கு. லயம் என்பது தோட்டத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். கொழுந்து கிள்ளும் பெண்களுக்கெல்லாம் பேச்சியம்மாதான் தலைவி மாதிரி. திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். உட்காரச் சொல்லிவிட்டு, பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கு நீட்டினார்.

வெற்றிலைக்கு எதிராகப் பேச வந்தவள் நான். ஆனால் மறுத்தால்? "பாலக்காட்டுப் பண்ணைக்காரர் வீட்டுப் பெண், நம் வீட்டுத் தட்டைத் தொடமாட்டாள்" என்றல்லவா ஆகும்! படித்தவள், சாதி பார்க்காதவள் என்று காட்டிக்கொள்ளும் ஆசை வேறு. எடுத்துவிட்டேன்.

"பொகையில வேண்டாம் தாயி, தலய சுத்தும்," என்று அதை மட்டும் ஒதுக்கி வைத்தார் பேச்சியம்மா. சுண்ணாம்பு டப்பாவைத் தள்ளினார். எனக்கு வெற்றிலை போட்டுப் பழக்கமே இல்லை. அதைச் சொல்லவும் பெருமை விடவில்லை. பொங்கலுக்குச் சுவரில் வெள்ளையடிக்கிற மாதிரி இலை முழுக்கப் பூசி மடித்து, இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். வாய் எரிந்தது. இதுதான் வெற்றிலைக் காரம் போலிருக்கிறது என்று, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டே மென்றேன்.

மத்தியானம் கொழுந்து எடை போடும் கொட்டகையில் பெண்கள் கூடினார்கள். படித்துவிட்டுப் பேச வந்தவள் என்பதால் அவர்களுக்கு நான் டீச்சர். இடது கன்னம் காந்திக்கொண்டிருந்தாலும் பேச்சு நிற்கவில்லை. வெற்றிலையைப் பிளந்து கட்டினேன். "ஒரே ஒரு தடவை போட்டாலும் போதும், நோய் உள்ளே நுழைந்துவிடும்!" என்றுகூடச் சொன்னேன். (டாக்டர் அம்மா சொன்னதல்ல. பேச்சு வேகத்தில் நானே கண்டுபிடித்தது.) பிறகு நீலச் சாயத்தைப் பற்றிச் சொன்னதும் கூட்டம் பின்னால் நகர்ந்தது.

"அது குடும்பக் கட்டுப்பாட்டு மருந்தாம்லா," என்றாள் ஒருத்தி.

பிடித்துக்கொண்டுபோய்க் கருத்தடை செய்த அவசரநிலைக் காலம் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. சர்க்கார் ஆட்கள் எதைக் கொண்டுவந்தாலும் எல்லோருக்கும் அந்தப் பயம்தான்.

"அப்படியா? நானே கொப்பளித்துக் காட்டுகிறேன், பாருங்கள்!" என்றேன்.

"டாக்டர் தொடாதேன்னு சொல்லிட்டுப் போயிருக்காளே, கொழந்தே," என்றார் மூலையில் உட்கார்ந்திருந்த கணக்கு சார். அவர் சொல்லி முடிப்பதற்குள் சாயம் என் வாயில் இருந்தது.

கொப்பளித்தேன். துப்பினேன். கழுவினேன். பேச்சியம்மாவின் கையில் டார்ச் விளக்கைக் கொடுத்து, "பாருங்கள். நோய் இருந்தால்தான் ஒட்டும். எனக்கு ஒட்டாது," என்று வாயைப் பெரிதாகத் திறந்தேன்.

பேச்சியம்மா பார்த்தார். இன்னும் குனிந்து பார்த்தார்.

"ஆத்தாடி! டீச்சரு, இங்கன ஒட்டியிருக்கே!"

"எங்கே?"

"எடது கன்னத்துல. ரூவா அகலத்துக்கு, மயில் கழுத்து மாதிரி மின்னுது."

அவ்வளவுதான். இத்தனை நேரம் பின்னால் நகர்ந்த கூட்டம் முன்னால் பாய்ந்தது. "எங்க, நான் பாக்கேன்", "தள்ளுடி, நான் பாக்கேன்" என்று கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் வரிசையாக என் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தியும் "அய்யோ பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவளுக்கு இடம் விட்டாள்.

கணக்கு சாரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நேக்கு எண்ணத்தான் தெரியும், பாக்கத் தெரியாதே," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதல் சொன்னார். "வெத்தல போடாதவாளுக்கு இது வர்றது ரொம்ப அபூர்வமாக்கும்."

"அபூர்வம் என்றால் வராதா சார்?"

"வரும். ஒருத்தருக்காவது வந்தாத்தானே அபூர்வம்னு சொல்ல முடியும்?"

அந்த ஒருத்தர் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் வெற்றிலை, மத்தியானம் புற்றுநோய். ஒரே தடவை போதும் என்று நான்தானே சொன்னேன்? என் பேச்சை அந்தக் கொட்டகையில் முழுசாக நம்பியவள் நான் ஒருத்திதான். இருபத்திரண்டு வயதில் என் கதை முடிந்தது. வெற்றிலை போட்டதைச் சொல்லவும் முடியவில்லை. சாகும்போதாவது மானத்தோடு சாக வேண்டாமா?

கீழே கடைவீதிக்குப் போகிற தேயிலை லாரிக்காரரிடம் அப்பாவுக்கு ஒரு தந்தி எழுதிக் கொடுத்தேன். அதையும் என் படிப்புக்கு ஏற்றபடி ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "எனக்கு வாயில் புற்றுநோய். பதற வேண்டாம். உடனே வரவும்."

எங்கள் ஊர்த் தபால்காரர் அதை டீக்கடை வாசலில் நிறுத்தி அப்பாவுக்குப் படித்துச் சொன்னாராம். பதற வேண்டாம் என்ற இடம் வந்தபோது கேட்க யாரும் நிற்கவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில், மூணாறு வழியாக ஒரு வாடகைக் கார் திணறிக்கொண்டு மேலேறி வந்து நின்றது. அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, பின்னால் இரண்டு பேர் மடியில் இரண்டு பேர். வாயில் நோய் என்றால் எதுவும் விழுங்க முடியாதே என்று பின்பெட்டியில் இளநீர் மூட்டை.

"அம்மிணி! என்னாச்சு சாமி? வாயத் தொற கண்ணு," என்றார் அப்பா. திறந்தேன். நாக்கில் நீலம் இன்னும் முழுசாகப் போகவில்லை. "பாம்பு கடிச்சாப்பல ஆயிருச்சே!" என்று அம்மா காரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பொட்டப்புள்ளய படிக்க வெக்காதீங்கன்னு அப்பவே சொன்னனுங்கண்ணா," என்றார் சித்தப்பா. படிப்புக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்கிற நிலையில் நான் இல்லை.

அந்த நேரத்தில் ஜீப்பும் வந்தது. டாக்டர் அம்மா இறங்கியதும் அப்பா தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். எவருக்கும் குனியாத மனிதர்.

"ஏனுங்க டாக்டரம்மா, எம்புள்ள பொழச்சுக்குமுங்களா? எதுனாலும் மறைக்காமச் சொல்லிப்போடுங்க. எங்க கூட்டீட்டுப் போகச் சொன்னாலும் போறனுங்க."

என் அழுகை அப்போதுதான் நிஜமாக வந்தது.

டாக்டர் அம்மா என்னை வெளிச்சத்தில் உட்காரவைத்தார். காம்பு வைத்த சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டினார். வெந்த தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்து வந்தது. அதை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னையும் பார்த்தார்.

"குட்டீ, நீ வெத்தல முறுக்கியோ?"

மலையாளத்தில் வெற்றிலை போடுவதற்கு அதுதான் பெயர். அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும். சொந்தக்காரர்கள் ஒரு பக்கம், கொழுந்துக் கூடையோடு பெண்கள் ஒரு பக்கம். நான் தரையைப் பார்த்தேன்.

பேச்சியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நாந்தான் குடுத்தேன் டாக்டரம்மா. பொகையில வைக்கல, சத்தியமா. ஆனா டீச்சரு சுண்ணாம்ப தோசைக்கு மாவு ஊத்துத மாதிரில்லா ஊத்துனாக! பழக்கம் உண்டாக்கும்னு நான் பேசாம இருந்துட்டேன்."

"சுண்ணாம்பில் வெந்த புண். வேறொன்னும் இல்ல," என்றார் டாக்டர் அம்மா. "எந்தப் புண்ணிலும் இந்த நீலம் ஒட்டும். அதனால்தான் ரெண்டு ஆழ்ச்சை, ரெண்டு வாரம், காத்திருந்து மறுபடியும் கொப்பளிக்கச் சொல்றது. புண் ஆறினால் ஒட்டாது. ஆறாமல் அப்போதும் ஒட்டினால் மட்டும் சதை எடுத்துப் பார்ப்போம். இது நான் உனக்கு அன்றே சொன்னதல்லோ?"

(சொல்லியிருக்கிறார். கணக்கு சாரிடம்.)

அப்பா இடுப்புத் துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். "அப்ப ஒண்ணுமில்லீங்களா?" என்றார். ஒன்றுமில்லை என்றார் டாக்டர் அம்மா. "ஒண்ணுமே இல்லீங்களா?" ஒன்றுமே இல்லை. அப்பா அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று அம்மா பதறிப்போய்த் துண்டை இழுத்தால், மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வேறு வழிந்தது.

"இதுக்கா இத்தன தூரம் காரு வெச்சுட்டு வந்தோம்?" என்றார் சித்தப்பா.

"வேற எதுக்குடா வரோணும்? ஒண்ணுமில்லீன்னு காதுல கேக்கத்தான் வந்தோம். போய் எளநிய வெட்டு போ. அல்லாருக்கும் வெட்டு."

இளநீர் குடித்து முடித்ததும் பேச்சியம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "டீச்சரே கொப்பளிச்சுச் சாவல. நமக்கு என்ன வந்துருச்சு?" என்று டாக்டர் அம்மா முன்னால் போய் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் வரிசை கட்டியது. நான் என் பேச்சால் ஒருத்தியைக்கூட வரவழைக்கவில்லை. என் புண் ஐம்பது பேரை வரவழைத்தது. கணக்கு சாருக்குத்தான் சங்கடம். "வெத்தல போடறவா ஒரு கட்டம், போடாதவா ஒரு கட்டம். ஒரே ஒரு தடவை போட்டு வாயைப் பொசுக்கிண்டவாளை நான் எந்தக் கட்டத்தில கொண்டு வைப்பேன், கொழந்தே?" என்று சாயங்காலம்வரை புலம்பினார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கொப்பளித்தோம். என் கன்னத்தில் நீலம் ஒட்டவில்லை. பேச்சியம்மாவுக்கு ஓரிடத்தில் ஒட்டியே நின்றது. அங்கிருந்து ஒரு துணுக்கு ஆய்வகத்துக்குப் போனது. பதில் வரும்வரை நான் யாரிடமும் எதையும் பேசவில்லை. (குழுவில் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்தார்கள்.) கடைசியில் பதில் வந்தது: இன்னும் நோயாகவில்லை, இப்போதே அந்த இடத்தை எடுத்துவிட்டால் போதும். எடுத்தார்கள். பேச்சியம்மா புகையிலையை விட்டார். முகம் பார்க்காத அந்த ஆய்வக டாக்டரை ஒரு தடவை நேரில் பார்த்துக் கும்பிட வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.

எனக்கு வந்த நோய் மட்டும் ஊரில் ஆறவில்லை. தந்தியைக் கேட்டவர்கள் ஊர் முழுக்க. பதிலைக் கேட்டவர்கள் ஒரு கார் அளவுதான். மறு வருஷம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தார்கள். காப்பி குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "உங்க புள்ளைக்கு வாயில என்னமோ வந்துச்சுன்னு கேள்விப்பட்டமுங்க..."

அம்மாவுக்கு முகம் வெளுத்தது. அப்பாதான் பதில் சொன்னார்.

"நீங்க பயப்படாதீங்க. டாக்டரம்மாளே சுரண்டிப் பாத்துட்டாங்க. எங்க அம்மிணி வாயில பேச்சத் தவிர வேற ஒண்ணுமில்லீங்க."

எல்லோரும் சிரித்த சிரிப்பிலேயே கல்யாணம் நிச்சயமானது. இப்போது எங்கள் வீட்டுக்கு யார் விருந்துக்கு வந்தாலும் என் மாமியார் இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்புவதில்லை. குறுக்கே புகுந்து நான் திருத்தம் சொல்ல ஆரம்பித்ததும், அவர் விருந்தாளிகள் பக்கம் திரும்பிப் பெருமூச்சு விடுவார்.

"இவங்கப்பாரு அன்னிக்கே உண்மையச் சொல்லித்தானுங்க குடுத்தாரு. நாங்கதான் தமாசுன்னு நெனச்சுப்போட்டமுங்க."