ரெண்டு பக்கம் சார் ஒரு பக்கம் சாய்ந்த நாள்

பேராக் மாநிலத்தில் யாரிடம் வேண்டுமானாலும் வழி கேட்கலாம், ரெண்டு பக்கம் சாரிடம் மட்டும் கேட்கக் கூடாது. லூமுட்டுக்கு எந்தச் சாலை என்றால், லூமுட்டுக்குப் போகாமல் இருப்பதற்கான காரணங்களையும் சேர்த்துச் சொல்வார். ஈப்போவில் எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், அவருடைய நிஜப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

பல்கலைக்கழகத்தில் சட்டமும் சமயமும் பற்றிப் பாடம் நடத்தினார். எந்த வழக்கானாலும் இரு தரப்பு வாதங்களையும் மனப்பாடமாக ஒப்பிப்பார். எது சரி என்று கேட்டால், "இதுக்கு ரெண்டு பக்கம் இருக்கு" என்பார். பெண் பார்க்கப் போன இடத்திலும் பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, தன்னை ஏன் மறுக்கலாம் என்பதை விளக்கினாராம். இதை அவர் மனைவி சாரதா அக்காவே சொல்லிச் சிரிப்பார். அக்காவின் அப்பாதான் பொறுமை இழந்து தட்டை மாற்றியிருக்கிறார்.

இந்தக் குணம் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது. தோட்டம் விற்கப்பட்டுவிட்டால் தோட்டத்துக் கோயிலை என்ன செய்வது என்பதே அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. முடிவுரையைத் தவிர எல்லாம் எழுதியாகிவிட்டது. வழிகாட்டிய பேராசிரியர் காத்திருந்து காத்திருந்து ஓய்வே பெற்றுவிட்டார். அடுத்து வந்தவர் கண்டிப்பானவர். வருடம் முடிவதற்குள் முடிவுரை வராவிட்டால் பட்டமும் இல்லை, விரிவுரையாளர் வேலையும் இல்லை என்றார்.

அந்தச் சமயம் பார்த்து, செமோர் பக்கம் பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றில் மாரியம்மன் கோயில் தகராறு கிளம்பியது. தோட்டத்தில் வீடு கட்ட வந்த கம்பெனி, கோயிலுக்கு வேறு நிலம் தருவதாகச் சொன்னது. கோயில் நிர்வாகத்தில் தலைவர் ஆட்கள் போகலாம் என்றார்கள். செயலாளர் ஆட்கள் கூடாது என்றார்கள். சட்டம் படித்தவர் வந்து சொல்லட்டும் என்று சாரை அழைத்தார்கள். கார் ஓட்டியது நான். கூட்டம் முடிந்த கையோடு அவரை இழுத்துப் போய் முடிவுரை எழுத வைக்க அக்காவும் ஏறிக்கொண்டார்.

சார் முதலில் தலைவர் ஆட்களிடம் பேசினார். தலைமுறைகளாகக் கும்பிட்ட மண்ணுக்கு என்னென்ன உரிமை கோரலாம் என்று அவர் அடுக்கியதில் தலைவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு செயலாளர் பக்கம் திரும்பி, அடுத்தவன் நிலத்தில் கோயில் இருந்தால் வரக்கூடிய ஆபத்துகளைச் சொன்னார். செயலாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. கோப்பி குடித்துவிட்டு மறுபடி கூடியபோது, தலைவர் ஆட்கள் நகரவே கூடாது என்றார்கள். செயலாளர் ஆட்கள் நாளைக்கே போய்விட வேண்டும் என்றார்கள்.

தலைவருக்குத்தான் முதலில் உறைத்தது. "என்ன சார் இது? நீங்க வர்றதுக்கு முன்னாடியும் ரெண்டு கட்சி, இப்பவும் ரெண்டு கட்சி. ஆளுங்கதான் இடம் மாறி நிக்கிறோம் லா."

"அதுல பாருங்க தலைவரே, ரெண்டு..." என்று சார் உற்சாகமாக ஆரம்பித்தார்.

பின்வரிசையில் அக்கா எழுந்தார். "போதும்ங்க. அவங்க நியாயம், இவங்க நியாயம் எல்லாம் கேட்டாச்சு. நீங்க என்ன நினைக்கிறீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"போலாம்," என்றார் கடைசியில். "ஆனா புது நிலத்தோட உரிமைப் பத்திரம், அந்தக் கிராண்ட், கோயில் பேர்ல கைக்கு வரணும். அதுவரைக்கும் இங்க ஒரு செங்கல்லையும் தொடக் கூடாது."

"இதுக்கு மறுபக்கம் இல்லையா?" என்று அக்கா விடாமல் கேட்டார்.

"இருக்கு. இருந்தாலும் எனக்கு இதுதான் சரின்னு படுது."

யாரும் மறுக்கவில்லை. மறுத்துப் பேசவேண்டிய அத்தனையையும் அவரே பேசித் தீர்த்திருந்தார். திரும்பும் வழியில் காரிலேயே மடிக்கணினியைத் திறந்தார். ஈப்போ வருவதற்குள் முடிவுரையின் முதல் பத்தி தயார். அக்கா மூச்சுவிடக்கூட பயந்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கிராண்ட் வந்தது, அம்மன் குடிபோனாள், சார் டாக்டர் ஆனார். அதன்பின் அவர் எதற்கும் முடிவு சொன்னதாகத் தெரியவில்லை. ஆனாலும் எங்கள் தாமானில் யாருக்கு யார் மேல் கோபம் வந்தாலும் அவர் வீட்டுக்குத்தான் போகிறோம். எதிராளியின் நியாயத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமலே திரும்புகிறோம். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது, கோபத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்று.