ஆழ்ந்த மகிழ்ச்சியுடன் ரெண்டு தபா

எதையும் ஒரே தடவை சொல்லி நிறுத்திக்கொள்ளும் வித்தையை ஆண்டவன் உலகத்தில் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறான், திருவொற்றியூர் 'ரெண்டு தபா' அண்ணன் ஒருவரைத் தவிர.

அண்ணனுக்குத் தொழில் விளம்பர ஆட்டோ. கூரையில் ஒலிபெருக்கி, கையில் மைக். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, காணாமல் போன நாய், காலமானவரின் இறுதி ஊர்வலம் என்று எல்லாவற்றையும் ஒரே கரகரத்த குரலில் அறிவித்துக்கொண்டே எண்ணூர் வரை போவார். எல்லாம் இரண்டு முறை. டீக்கடையிலும் "ஒரு டீ, சக்கர கம்மியா. ஒரு டீ, சக்கர கம்மியா" என்பார். புதிதாக வந்த மாஸ்டர் இரண்டு டீ வைத்துவிடுவார். அண்ணன் மறுபேச்சில்லாமல் இரண்டையும் குடிப்பார்.

நான் அப்போது ஒரு தனியார் எஃப்.எம்.மில் காலை நிகழ்ச்சிக்குத் தயாரிப்பாளர். அதில் பேசிக்கொண்டிருந்த ஜோடி போட்டி ஸ்டேஷனுக்குத் தாவிவிட்டது. "வடசென்னையில நம்மள யாருமே கேக்குறதில்ல. இந்தத் தடவ அந்த ஏரியா ஆளுங்களே பேசட்டும்" என்றார் எங்கள் நிகழ்ச்சித் தலைவர் மேடம். திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்துக் குரல் தேர்வு வைத்தோம். ரேடியோ என்றால் அப்படித்தான் பேச வேண்டும் என்று நினைத்து, வந்தவர்கள் எல்லோரும் நுனிநாக்கில் கொஞ்சினார்கள். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டபோதுதான் அண்ணன் நுழைந்தார்.

மைக் எதிரே நின்றவர் இடது பக்கம் திரும்பினார்.

"எர்ணாவூர் பாலத்தாண்ட கன்டெய்னர் லாரி நின்னுகினு கீது." பிறகு வலது பக்கம் திரும்பினார். "எர்ணாவூர் பாலத்தாண்ட கன்டெய்னர் லாரி நின்னுகினு கீது."

"ஒரு தடவ சொன்னா போதும்ணா" என்றேன்.

"அதெப்புடி சார்? மொத தபா இந்தாண்ட வூட்டுக்காரனுக்கு. ரெண்டாவது அந்தாண்ட வூட்டுக்காரனுக்கு."

"ரேடியோல எல்லாருக்கும் ஒரே நேரத்துல கேக்கும்ணா."

"எண்ணூர்ல கீறவனுக்குமா?"

"அவனுக்கும்தான்."

"அவன் அப்போ வாய் கொப்புளிச்சினு இருந்தா இன்னா பண்ணுவ?"

மேடம் சிரித்துக்கொண்டே அவர் பெயரை டிக் அடித்தார்.

அண்ணனுக்குப் பிறகு வந்த வண்ணாரப்பேட்டை நஸ்ரின் பேசிய பேச்சில், ஜோடியில் முதல் நாற்காலி அன்றே அவளுக்கு உறுதியாகிவிட்டது. இரண்டாவது நாற்காலிக்கு அண்ணனும், ராயபுரத்துக் கல்லூரி மாணவன் ஒருவனும் போட்டி. ஆளுக்கு ஒரு காலை நஸ்ரினோடு நேரலையில் பேசிக் காட்ட வேண்டும்.

நாள் முழுக்க ஊருக்கே கேட்கும்படி கத்துகிறவருக்கு ரேடியோ எதற்கு என்று எனக்குக் குடைந்துகொண்டே இருந்தது. கேட்டேவிட்டேன்.

"சார், நான் தெருவுக்குள்ள வந்தா டப்பு டப்புனு ஜன்னல சாத்துறாங்க. கைக்கொயந்த முயிச்சிக்குமாம். ரேடியோன்னா அவங்களே திருப்பி வெச்சி கேப்பாங்க. ஒருத்தனாவது வேணும்னு என் கொரல கேக்கணும், அவ்ளோதான்."

இதை மட்டும் அவர் ஒரு முறைதான் சொன்னதாக ஞாபகம்.

அண்ணனின் நாள் வந்தது. பிறந்தநாள் வாழ்த்து நேரம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பெயர் எழுதிய துண்டுச்சீட்டை வாங்கிக்கொண்ட அண்ணன், பழக்க தோஷத்தில் குரலைத் தாழ்த்தினார். "ராயபுரத்தைச் சேர்ந்த திருவாளர் டேவிட் அவர்கள், இன்று அதிகாலை ஐம்பது வயதை அடைந்துவிட்டார் என்பதை ஆழ்ந்த..."

நஸ்ரின் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தாள்.

"...ஆழ்ந்த மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." வலது பக்கம் திரும்பி, மறுபடியும் அதிகாலையிலிருந்து ஆரம்பித்தார்.

போன் அலறியது. "சார், டேவிட்ட எப்போ எடுக்கிறாங்க?" என்றது ஒரு தழுதழுத்த குரல். அடுத்து டேவிட்டே லைனில் வந்தார். "எங்க சித்தப்பா மாலையோட வந்து வாசல்ல குந்திகினு கீறாரு சார். நான் உயிரோட கீறேன்னு சொன்னா நம்பமாட்டேன்றாரு."

"மால வந்துட்சி இல்ல, கயுத்துல போட்டுக்கோ நைனா. கயுத்துல போட்டுக்கோ" என்றார் அண்ணன்.

நஸ்ரின் சிரித்த சிரிப்பில் பாட்டு போட வேண்டியதாயிற்று. அந்தக் காலை வந்ததுபோல அதற்கு முன் எங்களுக்கு போன் வந்ததில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. நாற்காலி அவருக்குத்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

ஆனால் காலை நிகழ்ச்சிக்கு விளம்பரம் தரவிருந்தது ஒரு ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி. "இந்தக் குரல்ல நம்ம விளம்பரம் வந்தா, கேக்குறவன் அன்னைக்கே உயில் எழுதிடுவான்" என்று அவர்கள் நடுங்கிவிட்டார்கள். நான் மல்லுக்கு நின்று பார்த்தேன், மேடமும் நின்றார். நாற்காலி ராயபுரத்துப் பையனுக்குப் போனது.

சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. நான் போனபோது அண்ணன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அண்ணா, உங்களுக்குக் கிடைக்கலண்ணா" என்றேன். அவர் திரும்பவில்லை. காதில் விழவில்லையோ என்று மறுபடி வாயைத் திறந்தேன்.

"ஒரு தபா சொன்னா போதும் சார்" என்றார்.

அந்தக் காலை நிகழ்ச்சி இப்போதும் நன்றாகவே ஓடுகிறது. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அண்ணனின் ஆட்டோ மாதம் ஓரிரு முறை வரும், நாளைக்குத் தண்ணீர் வராது என்று சொல்ல. குரல் கேட்டதும் எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிடுகிறேன். வேர்த்துக் கொட்டினாலும், அவர் இரண்டாவது தபா சொல்லி முடிக்கும்வரை போடுவதில்லை.