நாற்பத்தோராம் அத்தியாயத்து நாய்

"நாயோட பேரு அந்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கார்லீன் கேட்டதும், வெர்னன் வாயில் வைத்த முட்டையை விழுங்க மறந்துபோனான்.

"எந்த ஆளு?" என்றான், எல்லாம் தெரிந்திருந்தும்.

"ஏரிக்காத்துதான். வேற யாரு எனக்கு எழுதுறாங்க?"

விஷயம் இதுதான். சுப்பீரியர் ஏரியின் கலங்கரை விளக்கம் ஒன்றில் தனியாக வாழும் ஆக்னஸ் என்பவளைப் பற்றி ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷம் ஓடியது. பிறகு ஆக்னஸை உறைந்துகொண்டிருக்கும் ஏரி நடுவே ஒரு படகில் உட்காரவைத்துவிட்டு, எடுத்தவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். கார்லீனுக்குப் பொறுக்கவில்லை. பகலில் பல் மருத்துவரிடம் ஃபோன் எடுக்கும் வேலை, மிச்ச நேரத்தில் ஆக்னஸைக் கரை சேர்க்கும் வேலை என்று ஆரம்பித்தாள். ரசிகர்கள் இப்படி எழுதும் கதைகளுக்கென்றே ஓர் இணையதளம் இருக்கிறது. அதில் வாரம் ஒன்றாக முப்பத்து நான்கு அத்தியாயம் போட்டாள். வாசகர் கருத்து என்ற இடத்தில் காக்காய்கூட உட்காரவில்லை. போதும், நிறுத்திவிடுகிறேன் என்றாள்.

வெர்னன் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவன் முழுசாகப் படித்த ஒரே புத்தகம் அந்த லாரியின் கையேடு. ஆனாலும் மனைவி எழுதியதைப் படித்து அவன் மூக்கைச் சிந்தியிருக்கிறான். இப்படி எழுதத் தெரிந்த ஒருத்தி தன்னைப் போய்க் கட்டிக்கொண்டாளே என்று அவனுக்கு அப்படி ஒரு பெருமை. நேரிலேயே சொல்லிப் பார்த்தான். புருஷன் வேறு எப்படிச் சொல்லுவான் என்று அவள் தள்ளிவிட்டாள். அன்றைக்குத்தான் அந்தத் தளத்தில் 'ஏரிக்காற்று' என்ற பெயரில் ஒரு வாசகர் பிறந்தார்.

ஏரிக்காற்று முதலில் எழுதியது இரண்டே வரி. நல்ல கதை, நிறுத்திவிடாதீர்கள். கார்லீன் அதை நின்றுகொண்டு படித்தாள், உட்கார்ந்து படித்தாள், விஸ்கான்சினில் இருக்கும் அம்மாவுக்கு ஃபோன் போட்டுப் படித்துக் காட்டினாள். அதன் பிறகு ஆறு அத்தியாயம் மளமளவென்று வந்தது. வெர்னனும் சும்மா இருக்கவில்லை, வாரா வாரம் எழுதினான். எழுத எழுதக் கை வந்துவிட்டது. வினை அங்கேதான் பிடித்தது.

கார்லீனுக்குக் காகிதத்தில் பார்த்தால்தான் பிழை கண்ணில் படும். வீட்டு அச்சுப்பொறி மண்டையைப் போட்டு ஒன்றரை வருஷமாகிறது. அதனால் புதன்கிழமை நூலகத்தில் அச்செடுத்துக்கொண்டு வருவாள், திருத்துவாள், ஞாயிற்றுக்கிழமை தளத்தில் ஏற்றுவாள். வெர்னன் படிப்பது சாப்பாட்டு மேஜையில் கிடக்கும் அந்தக் காகிதத்தைத்தான். இந்த வாரம் வியாழக்கிழமை படித்தான், உருகினான், ஞாயிறுவரை பொறுக்காமல் உடனே எழுதினான். இடது காது கிழிந்த டோபியாஸுக்காக ஆக்னஸ் உடைகிற பனியில் திரும்பிப் போன இடத்தில் வேலையை விட்டுவிட்டு அழுதேன் என்று. டோபியாஸ் என்ற நாய் வருவது நாற்பத்தோராம் அத்தியாயத்தில். தளத்தில் இருந்தது நாற்பதுதான்.

முட்டையை ஒருவழியாக விழுங்கிவிட்டு, வெர்னன் கைபேசியோடு குளியலறைக்குள் போனான். சும்மா ஒரு ஊகம்தான் என்று ஏரிக்காற்று பதில் எழுதியது.

"நாய் வரும்னு ஊகிக்கலாம்," என்றாள் கார்லீன், அவன் வெளியே வந்ததும். "டோபியாஸ்னு பேரு வைப்பேன்னு ஊகிக்க முடியுமா? காது கிழிஞ்சிருக்கும்னு?"

மறுநாள் லாரியில் உட்கார்ந்து நன்றாக யோசித்து 'செந்நரி' என்று இன்னொருவனைப் பிறப்பித்தான். எனக்கும் டோபியாஸ் என்ற பெயர்தான் தோன்றியது, நல்ல வாசகர்களுக்கு இப்படி நடப்பது சகஜம் என்று செந்நரி எழுதியது. இதோடு பிரச்சினை ஒழிந்தது என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தால், கார்லீன் கணினியின் கேமராமேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தாள். கடவுச்சொல் எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டதாம்.

"ஒருத்தன் இல்ல வெர்ன், இது ஒரு கூட்டம். என் கம்ப்யூட்டருக்குள்ள பூந்து பாத்துக்கிட்டிருக்காங்க. நாப்பதையும் தளத்துலேருந்து எடுத்துடப்போறேன்."

உண்மையைச் சொன்னால் கதை நின்றுவிடும். சொல்லாவிட்டால் கதையே இருக்காது. வெர்னன் அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னான். கணினியாக இருக்காது, நூலகத்தில் அச்செடுக்கும்போது யாராவது எட்டிப் பார்த்திருப்பார்கள் என்றான். கார்லீன் கோட்டை எடுத்து மாட்டினாள்.

"நீயும் வா. சாட்சிக்கு ஒரு ஆளு வேணும்."

நூலகர் மிஸ் பெர்னிஸ் முப்பது வருஷமாக அதே மேஜையில் உட்கார்ந்திருப்பவர். அவர் குரலை உயர்த்தி ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. அச்சுப்பொறி அவருடைய நாற்காலிக்குப் பின்னால்தான் இருந்தது. என் காகிதத்தை நீங்கள் படிப்பீர்களா என்று கார்லீன் நேரடியாகவே கேட்டாள். மிஸ் பெர்னிஸின் முகம் காதுவரை சிவந்தது.

"அப்ப ஏரிக்காத்து நீங்கதானா?"

வெர்னனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. சின்ன வயதில் அவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவரே மிஸ் பெர்னிஸ்தான்.

"அவங்க இல்ல கார்லீன். நான்தான்."

"செந்நரி?"

"அதுவும் நான்தான்."

கார்லீன் பக்கத்தில் இருந்த குழந்தைகள் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். அவள் கத்தியிருந்தால் வெர்னனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"பத்து மாசமா கொட்டிக் கொட்டி எழுதியிருக்கேன். படிச்சது நீ ஒருத்தன்தான்."

"நான் எழுதினதுல பேரு மட்டும்தான் பொய்," என்றான் வெர்னன். "அழுதது நிஜம். ஓட்டும்போது அந்த நாய் ஞாபகம் வந்து, லாரிய நடுரோட்டுலயே நிறுத்திட்டு அழுதேன். பின்னாடி ஏழு கார் நின்னுது."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம், ஆக்னஸ் படகிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுந்தாள்.

குற்றச்சாட்டு நீங்கிய மிஸ் பெர்னிஸின் முகம் தெளிந்திருக்க வேண்டும். தெளியவில்லை. கொஞ்சம் இருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு உள்ளறைக்குப் போனார். இரண்டு கையாலும் ஒரு தடித்த காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். கார்லீனின் காகிதங்கள், ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை. ஓரங்கள் மடங்கி, காப்பிக் கறை படிந்து, விளிம்பெல்லாம் யார் யாருடைய கையெழுத்திலோ பென்சில் குறிப்புகள். ஒரு பக்கத்தில், இந்த வரியை இரண்டு தடவை வாசிக்கவும் என்று எழுதியிருந்தது. இன்னொன்றில், நாய்க்கு ஏதாவது ஆனால் நான் வரமாட்டேன்.

கார்லீன் அந்தக் கடைசிக் குறிப்பின்மேல் விரலை வைத்தபடி நின்றாள். வெர்னன் தலையை நிமிர்த்தி, மனைவியை ஊருக்கே காட்டுகிறவனைப்போல் நின்றான்.

"கேக்காம பிரதி எடுத்தது தப்புதான், மன்னிச்சுக்கோம்மா," என்றார் மிஸ் பெர்னிஸ், அவருடைய வழக்கமான சின்னக் குரலில். "வியாழக்கிழமையானா உள்ளறையில பதினெட்டுப் பேரு உக்காந்து இதைத்தான் சத்தமாப் படிக்கிறோம். இப்படி எழுதுறவளுக்கு ஆயிரம் பேரு பாராட்டி எழுதுவாங்களே, அதுல நம்ம ரெண்டு வரி எதுக்குன்னுதான் ஒருத்தரும் எழுதல."