புளியமுனையில் ஒரு குளிர்ந்த வெள்ளரிக்காய் ஊறல்

மனிதன் முதன்முதலில் நெருப்பைக் கண்டுபிடித்த இடம் எதுவென்று எவருக்கும் தெரியாது. ஆனால் வெள்ளரிக்காயைக் குளிரவைத்து உண்ணும் பேரறிவு, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், புளியமுனை என்னும் கிராமத்தில், வைகாசி வெயிலில், ஒரு வேப்பமரத்தடியில் மக்களுக்கு வழங்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. அதற்குப் புஸ்பம் கண்கண்ட சாட்சி. அவள் அதற்காக அங்கே போகவில்லை என்பது வேறு விஷயம்.

அவள் போனது மகளுக்கு ஊசி போட. பிள்ளைக்குப் பத்தாம் மாதம். பக்கத்து ஊரில் சின்னமுத்து அம்மை வந்து வீட்டுக்கு வீடு வேப்பிலை தொங்கியது. தடுப்பூசி மருந்தோ வாவிக்கு அந்தப் பக்கம், நகரத்தில் இருந்தது. நடுவில் சண்டையும் பாஸ் கேட்கும் சோதனைச்சாவடியும் இருந்தன. போன தடவை மருந்து வரவேண்டிய நாளில் ஷெல்தான் வந்து விழுந்தது.

"ஷெல்லுக்கு மட்டும்தான்கா பாஸ் தேவையில்ல," என்றாள் அடுத்த வளவுப் பத்தினிப்பிள்ளை.

இந்தத் தடவை அப்படி ஆகாது. மருந்து தனியாக வரவில்லை. 'கோடைகாலக் குளிருணவு மேம்பாட்டுச் செயற்றிட்டம்' என்னும் பெரிய இடத்தின் துணையோடு வந்தது. ஒரு தோணிக்கே அனுமதி கிடைத்ததால் ஊசியையும் ஊறலையும் 'ஒருங்கிணைத்து' இருந்தார்கள். ஒன்றுக்கே இடமில்லாத இடத்தில் இரண்டை வைப்பதற்கு அலுவலகங்களில் வழங்கும் பெயர் அது.

தோணியிலிருந்து முதலில் இறங்கியது பெட்டி. சிவப்புச் சிலுவை போட்ட குளிர்ப்பெட்டி. தோணிக்காரர் இருவர் அதைத் தூக்கிவர, செயற்றிட்ட இணைப்பாளர் நல்லரத்தினம் அதற்குக் குடை பிடித்தார். தன் தலையை வெயிலுக்கே கொடுத்துவிட்டார். பின்னால் கொழும்பிலிருந்து வந்த பணிப்பாளர். அவருக்குத் தமிழ் தெரியாது. நாட்டு நடப்பெல்லாம் நல்லரத்தினத்தின் மொழிபெயர்ப்பில் மிக நன்றாக இருப்பதாக நம்பியிருந்தார். கடைசியாக, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி சேற்றில் இறங்கினாள் ஏறாவூர் மருத்துவமாது சபூரா.

"மருந்துக்கு நடக்கிற மரியாதையப் பாருகா," என்றாள் பத்தினிப்பிள்ளை. "எண்ட கலியாணத்திலயும் எனக்கு ஆரும் குடை பிடிக்கல்ல."

"பிடிக்கட்டும் மச்சாள். ஐஸ் உருகாம வந்தாச் சரி," என்றாள் புஸ்பம்.

நல்லரத்தினம் உரையாற்றினார். கோடையில் மனித உடல் சூடாகும் என்ற உண்மையை முதலில் வெளியிட்டார். பிறகு செய்முறைக்கு வந்தார். வெள்ளரிக்காயையும் பெரிய வெங்காயத்தையும் மெல்லிய வட்டங்களாக வெட்டுக. வினாகிரி, சீனி, உப்பு, மிளகுத்தூள் கலந்து அதன்மேல் ஊற்றுக. குளிர்சாதனப் பெட்டியில் நன்றாக ஊறவிட்டு, உணவுக்குப் பக்கத்தில் வைத்துப் பரிமாறுக.

"எந்த உணவுக்குப் பக்கத்தில சேர்?" என்று பத்தினிப்பிள்ளை கேட்டாள். "நிவாரண அரிசி இன்னும் வரல்லயே."

"அரிசி வேறு திணைக்களம், அம்மா. நாங்கள் பக்கத்தில் வைப்பதற்கு மட்டும்தான்."

"அப்ப பிரிஜ்ஜிக்கு என்ன செய்யிற? ஊரில கரண்ட் இல்லியே."

"மின்சாரம் இல்லாதவர்கள் மனம் தளரக்கூடாது. மின்சாரம் உள்ள அயலவரிடம் கொடுத்து வைக்கலாம்."

"கரண்ட் உள்ள அயலவன் கேம்பில இரிக்கிற ஆமிக்காரன்தான் சேர். வெள்ளரிக்காயக் கொண்டு போனா, எங்களையும் சேத்து உள்ள வெச்சிருவான்."

பெண்கள் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று பணிப்பாளர் விசாரித்தார். நல்லரத்தினம் ஆங்கிலத்தில், மகளிர் பாதுகாப்புப் படையினருடன் ஒத்துழைக்க ஆவலாக இருப்பதாகச் சொன்னார்.

புஸ்பத்தின் மடியில் பிள்ளை சிணுங்கத் தொடங்கியது.

"சேர், முதல்ல ஊசியப் போட்டுட்டுப் பிறகு பேசுங்களன்."

"நிகழ்ச்சி நிரலில் ஊறலுக்குப் பிறகுதான் ஊசி, தங்கச்சி. முறை என்று ஒன்று இருக்கிறதே."

முறைப்படி பெட்டி திறக்கப்பட்டது. வெண்புகை எழுந்தது. கழுத்தை நீட்டிப் பார்த்த புஸ்பத்தின் முகத்தில் குளிர் அடித்தது. உள்ளே ஐஸ். ஐஸின் நடுவே ஓர் எவர்சில்வர் சட்டி. சட்டி நிறைய வெள்ளரிக்காய், அரசகுமாரியைப் போலப் படுத்திருந்தது.

சபூரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"மருந்து எங்க சேர்?"

"பத்திரமா இரிக்கு மிஸி." நல்லரத்தினம் தன் தோல்பையைத் தட்டிக் காட்டினார். "ரெண்டையும் வெச்சா மூடி பூட்டுப்படல்ல. அதால சின்னதா இருந்ததை நான் பொறுப்பெடுத்தன்."

"எப்ப எடுத்த நீங்க?"

"துறையடியில. நீங்க பொம்புளைகள் சோதனைக்குப் போன நேரம்."

இங்கே நல்லரத்தினத்தின் நிர்வாகத் திறமையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. வாவியைத் தாண்டி ஐஸ் கொண்டுபோக மருந்துக்கு மட்டுமே அனுமதி. ஆகவே வெள்ளரிக்காய் மருந்தாகப் பயணம் செய்தது. சாவடியில் சிப்பாய் மூடியைத் திறந்து இது என்ன என்று கேட்டபோது, "மருந்து" என்று கண் இமைக்காமல் சொன்னார். சிப்பாய் ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, மருந்துக்கு உப்புக் குறைவு என்று சொல்லி வழிவிட்டான்.

தோல்பை திறக்கப்பட்டது. காகிதக் கோவைகளுக்கும் சீப்புக்கும் நடுவே மருந்துக் குப்பிகள் கிடந்தன. சபூரா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் பொத்தினாள். அவள் முகம் கறுத்தது.

"அல்லாஹ்! அவிஞ்சு போய்க் கிடக்கு."

புஸ்பம் பிள்ளையைப் பத்தினிப்பிள்ளையிடம் கொடுத்தாள். போய், இரண்டு கையாலும் சட்டியைத் தூக்கி மணலில் வைத்தாள்.

"இந்தா ஐஸ் இரிக்கி மிஸி. மருந்த வைங்க. குளிரட்டும்."

"ஒருக்காச் சூடாகினா பிறகு குளிர வெச்சும் வேலையில்ல புள்ள. இதப் புள்ளைகளுக்கு ஏத்த ஒண்ணா. இது இனி வெறுந் தண்ணி."

"அப்ப எங்களையும் தோணியில ஏத்துங்க. டவுன் ஆசுபத்திரியில போட்டுட்டு வாறன். பக்கத்து ஊரில புள்ளைகள் கிடக்கிற கிடைய நீங்க பாக்கல்ல."

சபூரா நல்லரத்தினத்தைப் பார்த்தாள். நல்லரத்தினம் பாஸைப் பார்த்தார். அவர் உண்மையிலேயே வருந்தினார்.

"பாஸில தோணிக்காரர் ரெண்டு, உத்தியோகத்தர் மூணு, பெட்டி ஒண்டு. வந்ததுதான் திரும்பிப் போகணும், தங்கச்சி."

"பெட்டிய இஞ்ச விட்டுட்டு எங்கள ஏத்துங்க."

"ஐயோ! பெட்டி குறைஞ்சா நான் ஆருக்குப் பதில் சொல்ற?"

"புள்ள குறைஞ்சா?"

அதற்குரிய அதிகாரி யார் என்று நல்லரத்தினம் யோசித்துக்கொண்டிருந்தபோது, பணிப்பாளர் மணலில் கிடந்த சட்டியைக் காட்டிப் பதறினார். குளிர் போகிறது! உடனே அவசரகால நடவடிக்கைகள் முடுக்கிவிடப்பட்டன. சட்டி மீண்டும் ஐஸில் ஏறியது. தட்டும் முள்ளுக்கரண்டியும் வந்தன. பணிப்பாளர் ஒரு வட்டத்தை வாயில் வைத்து, கண்ணை மூடி, தலையை ஆட்டினார். படம் பிடிக்கப்பட்டது.

அடுத்து 'பயனாளியின் கருத்து'. கைவசம் எழுந்து நின்ற பயனாளி புஸ்பம் ஒருத்திதான். அவளுக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். அவள் அதை மென்று, மெதுவாக விழுங்கினாள்.

"நல்ல குளிர் சேர்," என்றாள். "எண்ட புள்ளைக்கெண்டு வந்த குளிர். உங்களுக்குச் செமிக்கட்டும்."

நல்லரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிள்ளைக்கும் ஒரு துண்டு கேட்கிறாள் என்று மொழிபெயர்த்தார். பணிப்பாளர் நெகிழ்ந்துபோனார். பிள்ளையின் கையில் ஒரு வெள்ளரிக்காய் வட்டத்தைக் கொடுத்து இன்னொரு படம் எடுத்தார்கள். சபூரா மட்டும் படத்தில் நிற்கவில்லை. அவள் வாவிக்கரையில் குப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மணலில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மாலையில் பாஸில் கண்டபடி எல்லாம் குறைவின்றித் திரும்பிப் போயின. தோணி மறையும்வரை புஸ்பம் துறையில் பிள்ளையோடு நின்றாள்.

செயற்றிட்டம் முழு வெற்றி என்றும், குளிரூட்டலின் பயன் மரக்கறியைச் சரியாகச் சென்றடைந்தது என்றும் தலைமையகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்தக் கோடை முழுவதும், புளியமுனையில் ஒரு வெள்ளரிக்காய்க்கும் சின்னமுத்து வரவில்லை.