மீதி இரண்டு சதவீதம்

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினால் கோயிலில் தேங்காய் உடைத்துவிடலாம் என்று நம்பி வளர்ந்த கூட்டத்தைச் சேர்ந்தவள் நான். அதே நம்பிக்கையோடு டெக்ஸாஸ் வந்து, ஒரு கிளப்ஹவுஸ் நிறைய ஆட்கள் முன்னால் மூக்குடைபட்டதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. (அன்றைக்கு வரவில்லை.)

2006. இர்விங்கில் ஒரு அபார்ட்மென்ட். என் கணவர் முரளிக்கு லாஸ் கொலினாஸில் வேலை. எனக்கு எச்-4 விசா. அதாவது, கம்ப்யூட்டர் சயின்ஸில் பி.இ. படித்துவிட்டு வேலைக்கு மட்டும் போகக் கூடாது. வீட்டில் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. காலேஜ் சீனியர் ஒருத்தி எனக்கு ஒரு பிரைவேட் டிராக்கருக்கு அழைப்பு அனுப்பினாள். பழைய அமெச்சூர் நாடகங்கள், வீட்டுக் கச்சேரிகள் என்று நடத்தியவர்களே மனமுவந்து கொடுத்த ஒலி, ஒளிப்பதிவுகளை டாரன்ட் வழியாகப் பகிர்ந்துகொள்ளும் இடம் அது. தெரிந்தவர் அழைத்தால்தான் உள்ளே போக முடியும். சில மாதங்களில் எனக்கு அங்கே "பவர் யூசர்" பட்டம் கிடைத்தது. அமெரிக்காவில் என் முதல் பதவி! ஊருக்கு போன் செய்து அம்மாவிடம் சொன்னேன்.

"சம்பளம் உண்டாடி?" என்றாள் அம்மா.

எங்கள் கீழ்வீட்டில் பத்மா ஆன்ட்டியும் சுந்தரம் அங்கிளும் இருந்தார்கள். அங்கிள் கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஆபீஸ் நாடகக் குழுவில் நடித்தவர். பெண்கள் யாரும் முன்வராததால் வீட்டுக்கார அம்மாள் வேஷம் இவருக்கு. "நான் ஸ்டேஜ்ல கால வெச்சா போதும், விசில் பறக்கும்" என்று, ஆளுக்கொரு பண்டம் சமைத்துக்கொண்டு வந்து கூடிச் சாப்பிடும் எல்லா பாட்லக்கிலும் சொல்வார். நாங்கள் எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்த வடையை எடுப்போம்.

அவருக்கு அறுபது வயதாகிறது, கிளப்ஹவுஸில் விழா என்றதும் ஆன்ட்டி என்னிடம் வந்தார். "அந்த நாடகம் எங்கயாவது கெடைக்குமா வித்யா? நானும் பாத்ததில்ல. இவர் சொல்றத நம்பறதா வேணாமான்னு இத்தனை வருஷமா தெரியல."

தேடினேன். கிடைத்தது! அந்தக் குழுவில் திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக்கொடுத்தவரின் மகன் நியூ ஜெர்சியில் இருந்தார். அப்பாவின் கேசட்டை அவர்தான் ஏற்றியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆன்ட்டியையும் அவருடைய தோழிகளையும் உட்கார வைத்து ஒரு வகுப்பே எடுத்தேன்.

"டாரன்ட்டுங்கறது நம்ம பாட்லக்தான் ஆன்ட்டி. ஒரே வீட்டுல மொத்த சமையலும் கெடையாது. ஃபைலத் துண்டு துண்டாக்கி, கெடைக்கற துண்ட கெடைக்கற ஆள்கிட்ட வாங்கிப்போம். வாங்கினத உடனே அடுத்தவங்களுக்கும் குடுப்போம்."

"டிராக்கர்ங்கறியே, அது?"

"யார் வீட்டுல என்ன இருக்குன்னு சொல்ற ஆள். அவங்க கையில ஒரு கரண்டி சாதம்கூட இருக்காது."

"எங்க நாத்தனார்" என்றார் ஆன்ட்டி.

"பிரைவேட் டிராக்கர்ல ரேஷியோன்னு ஒண்ணு பாப்பாங்க. எடுத்த அளவுக்குக் குடுக்கணும். பாயசம் வந்த பாத்திரத்தக் காலியாவா திருப்பி அனுப்புவோம்? பேப்பர் பிளேட்ட மட்டும் தூக்கிட்டு வர்றவங்கள அடுத்த தடவ கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டவங்களுக்கும் திட்டு விழும்."

எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியது.

டவுன்லோட் ஜோராக ஓடி, தொண்ணூற்றெட்டில் நின்றது. நியூ ஜெர்சிக்காரர் ஆன்லைனில் இல்லை. மெசேஜ் அனுப்பினேன், பதில் இல்லை. மற்ற எல்லோரிடமும் அதே தொண்ணூற்றெட்டுதான். ஆனால் தொண்ணூற்றெட்டு! எங்கள் பள்ளியில் அதற்கு நோட்டீஸ் போர்டில் போட்டோ ஒட்டுவார்கள். ஆன்ட்டியிடம் "ரெடி" என்று சொல்லிவிட்டேன்.

"மீதி ரெண்டு?" என்றார் முரளி.

"கடைசியில கைதட்டலா இருக்கும். அது யாருக்கு வேணும்?"

துண்டுகள் வரிசையாக வருவதில்லை, முன்னும் பின்னுமாகத்தான் வரும் என்று வகுப்பெடுத்த மேதை இதைச் சொன்னாள். முதல் காட்சியை மட்டும் கேட்டுவிட்டுத் திருப்தியாக மூடியும் வைத்தாள்.

விழாவில் லாப்டாப்பை ஸ்பீக்கரில் மாட்டி, ஒரு சிறிய உரையும் ஆற்றிவிட்டு ஓடவிட்டேன். (உரையை யாரும் கேட்கவில்லை.) முதல் குரல் வந்ததுமே அங்கிள் எழுந்துவிட்டார். "டேய், இது எங்க செக்‌ஷன் ராகவன்டா!" அவர் கண் கலங்கியது. ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாடகத்தில் கதவு தட்டும் சத்தம். ஒருவர் அலறினார்: "ஐயையோ, வீட்டுக்காரம்மா வராங்க!"

அங்கிள் நிமிர்ந்து உட்கார்ந்தார். கூட்டம் மூச்சைப் பிடித்தது.

கிர்ர்ர் என்றது ஸ்பீக்கர். அடுத்து வந்த வசனம்: "அப்பாடா! போயிட்டாங்க!"

சிரிப்பில் ஹால் அதிர்ந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அங்கிள் சிரிக்கவில்லை. காலமெல்லாம் சொல்லி வந்த ஒரே பெருமைக்குச் சாட்சி கிடைக்கப்போன நேரத்தில், அவர் வேஷத்தை மட்டும் கத்தரித்தாற்போல் காணவில்லை. ஆன்ட்டி என்னைப் பார்த்தார். அந்தக் கம்பளத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

அங்கிள் மெதுவாக எழுந்தார். "வித்யா, அந்தக் கதவு தட்டற எடத்துக்குப் போம்மா. 'வராங்க'ன்னதும் நிறுத்திடு."

ஆன்ட்டியின் சால்வையை வாங்கித் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டார். வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தார். நான் ஓடவிட்டு நிறுத்தினேன். இடுப்பை ஒடித்து ஒரு நடை நடந்து வந்தார் பாருங்கள்!

"யாருடா அது, என் கெணத்தடியில சோப்பு நுரைய விட்டுட்டுப் போனது? கெணறு பல்லு வெளக்கற மாதிரி இருக்குடா!"

முழுக் காட்சியும், ஒரு சொல் தடுமாறாமல். எதிராளியின் வசனத்தையும் தானே சொன்னார். முரளி விசிலடித்தார். நானும் அடித்தேன், வாழ்க்கையில் முதல் தடவை, பாதி காற்றுதான். அவர் கழுத்தை வெட்டித் திரும்பிய நொடியில் நான் பட்டனைத் தட்டினேன்.

"அப்பாடா! போயிட்டாங்க!"

அன்றைக்கு கிளப்ஹவுஸில் எழுந்த கைதட்டலை எந்த ஸ்பீக்கரும் தாங்கியிருக்காது. முரளி கேம்கார்டரில் எடுத்ததை அங்கிளின் சம்மதத்தோடு டிராக்கரில் ஏற்றினேன். நான் ஏற்றியவற்றில் அதைத்தான் அதிகம் பேர் இறக்கினார்கள். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும், மன்னிக்கவும்.

நியூ ஜெர்சிக்காரர் சில வாரம் கழித்து வந்தார். இந்தியா போயிருந்தாராம். கிளம்பும்போது நம் ஆட்கள் செய்வதுபோல் கேஸ், குழாய் எல்லாம் மூடி, வீட்டிலுள்ள அத்தனை பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் போயிருக்கிறார், கம்ப்யூட்டர் உட்பட. தொண்ணூற்றெட்டு நூறானது. நானும் ஆன்ட்டியும் ஆளுக்கொரு இயர்போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டோம்.

கதவு தட்டும் சத்தம். "வீட்டுக்காரம்மா வராங்க!" அங்கிளின் இளம் குரல், அதே வசனம். விசில் இல்லை. சிரிப்பு இல்லை. பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

ஆன்ட்டி இயர்போனைக் கழற்றி என் கையில் வைத்தார். "வித்யா, இன்னும் தொண்ணூத்தெட்டுலயே நிக்குதுன்னு அவர்ட்ட சொல்லிடு."

இன்றுவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தாலும், முரளி புல்வெட்டுவதைப் பாதியில் விட்டாலும் ஒரே பேச்சுதான்: "மீதி ரெண்டு?" போன வாரம் என் மகள் கணக்கில் தொண்ணூற்றெட்டோடு வந்தாள். பழக்கதோஷம், வாய் தவறி "மீதி ரெண்டு எங்க?" என்று கேட்டுவிட்டேன்.

பையைச் சோபாவில் எறிந்துவிட்டுச் சொன்னாள்: "டோன்ட் வொரி அம்மா, அங்கிள் பண்ணிடுவார்."